65 நெருங்குகிறதா? புரோக்கர் துணையோடு மெடிகேர் திட்டத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு முழு வழிகாட்டி

என் கணவருக்கு 65 நெருங்கிய வருஷம், நியூஜெர்சியில் எங்கள் வீட்டுத் தபால் பெட்டி ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை. எல்லாம் மெடிகேர், அதாவது 65 வயதில் கிடைக்கும் அமெரிக்க அரசின் மருத்துவ இன்சூரன்ஸ், பற்றிய விளம்பரங்கள். வழவழப்பான காகிதத்தில் சிரிக்கும் தாத்தா பாட்டி படங்கள், "பிரீமியம் 0 டாலர்" என்று கொட்டை எழுத்து, கீழே பூதக்கண்ணாடி வைத்தாலும் படிக்க முடியாத பொடி எழுத்து. முப்பது வருஷம் கம்பெனி கொடுத்த இன்சூரன்சிலேயே காலம் தள்ளிய எங்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிறகு ஒரு இன்சூரன்ஸ் புரோக்கரைப் பிடித்தோம். அவருக்கு முன் இன்னொருவரிடம் ஏமாற இருந்தோம். இரண்டையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன். 65ஐத் தொடப்போகிறவர்களுக்கும், அப்பா அம்மாவை கிரீன் கார்டில் அழைத்து வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் இது உதவும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மெடிகேரில் பல முடிவுகளை அடுத்த வருஷம் மாற்றிக்கொள்ளலாம். ஒன்றே ஒன்றைத்தான் பின்னால் மாற்றுவது கடினம்: வாசலில் நுழையும்போதே மெடிகேப் (அரசு மெடிகேரின் மேல் சேர்த்துக்கொள்ளும் தனியார் பாலிசி) பக்கம் போவதா, அட்வான்டேஜ் (மெடிகேரையே ஒரு தனியார் திட்டம் வழியாகப் பெறுவது) பக்கம் போவதா என்பது. புரோக்கரிடம் செலவிடும் நேரத்தில் பாதி இந்த ஒரு கேள்விக்கே போகட்டும்.

அஸ்திவாரம்: ஏ, பி, டி

பார்ட் ஏ என்பது மருத்துவமனையில் படுத்தால் ஆகும் செலவுக்கு. நீங்களோ உங்கள் கணவர் அல்லது மனைவியோ அமெரிக்காவில் சுமார் 10 வருஷம், அதாவது 40 காலாண்டு, மெடிகேர் வரி கட்டி வேலை செய்திருந்தால் இதற்கு மாத பிரீமியம் கிடையாது. பார்ட் பி என்பது டாக்டர், பரிசோதனை, ஸ்கேன் போன்றவற்றுக்கு. 2026இல் இதன் சாதாரண மாத பிரீமியம் 202.90 டாலர். பார்ட் டி என்பது மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரைகளுக்கு. இதைத் தனியார் கம்பெனிகள்தான் நடத்துகின்றன.

ஏ, பி இரண்டையும் மட்டும் வைத்துக்கொண்டு இருந்துவிடலாமா என்றால், கூடாது என்பேன். 2026இல் ஒருமுறை மருத்துவமனையில் சேர்ந்தால் முதல் 1,736 டாலர் உங்கள் கையிலிருந்து போகும். அதுவும் வருஷத்துக்கு ஒருமுறை என்று கணக்கில்லை. 60 நாள் இடைவெளி விட்டு மறுபடி சேர்ந்தால் மறுபடியும் கட்ட வேண்டும். பார்ட் பியில் 283 டாலர் கழிவுக்குப் பிறகு, அதாவது முதலில் நாமே கட்டும் அந்தத் தொகை முடிந்த பிறகு, பெரும்பாலான செலவில் 20 சதவீதம் உங்களுடையது. அந்த 20 சதவீதத்துக்கு உச்சவரம்பு கிடையாது. புற்றுநோய் சிகிச்சை பில்லில் 20 சதவீதம் என்றால் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். இந்த ஓட்டையை அடைக்கத்தான் மெடிகேப், அட்வான்டேஜ் என்ற இரண்டு பாதைகள்.

முதல் வேலை: தேதியைக் கணக்குப் போடுங்கள்

65ஆவது பிறந்த மாதம், அதற்கு முன் 3 மாதம், பின் 3 மாதம் என மொத்தம் 7 மாதம்தான் முதல் சேர்க்கைக் காலம். ஜூன் 18 பிறந்தநாள் என்றால் மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை. மே மாதத்துக்குள் சேர்ந்தால் ஜூன் 1ஆம் தேதியே பார்ட் பி தொடங்கிவிடும். தேதி 1இல் பிறந்தவர்களுக்கு எல்லாமே ஒரு மாதம் முன்னதாகவே வந்துவிடும்.

நம் ஆட்களுக்கு இங்கே தனியாக ஒரு சிக்கல் உண்டு. நம்மில் பலருக்கு வீட்டில் கொண்டாடும் பிறந்தநாள் வேறு, பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதிப் போட்ட தேதி வேறு. மெடிகேருக்கு சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியத்தைக் கவனிக்கும் அரசுத் துறை) பதிவில் இருக்கும் தேதிதான் கணக்கு. என் கணவர் ஐப்பசியில் பிறந்தவர். காகிதத்தில் அவருக்கு ஜூன் மாதம். நல்லவேளை, மார்ச்சிலேயே பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தோம்.

இன்னும் வேலையில் இருக்கிறீர்களா? உங்கள் கம்பெனியிலோ வாழ்க்கைத்துணையின் கம்பெனியிலோ 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்தால், அந்த இன்சூரன்ஸ் இருக்கும்வரை பார்ட் பியைத் தள்ளிப்போடலாம். வேலையோ அந்த இன்சூரன்சோ, எது முதலில் முடிகிறதோ அதிலிருந்து 8 மாதத்துக்குள் சேர வேண்டும். கோப்ரா (வேலையை விட்ட பிறகு கம்பெனி இன்சூரன்சை நாமே பணம் கட்டி நீட்டிப்பது) கையில் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். இந்த 8 மாதக் கணக்குக்கு கோப்ரா வேலை தரும் இன்சூரன்சாக எடுத்துக்கொள்ளப்படாது. தவறவிட்டால், தாமதித்த ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் பார்ட் பி பிரீமியத்தில் 10 சதவீதம் அபராதம் ஏறும். அநேகமாக ஆயுள் முழுக்கக் கட்ட வேண்டியிருக்கும். ஹெச்எஸ்ஏ என்ற, மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்புக் கணக்கில் பணம் போடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: 65 தாண்டிச் சேரும்போது பார்ட் ஏ 6 மாதம் வரை பின்தேதியிட்டுத் தொடங்கும். அதனால் 6 மாதம் முன்பே பணம் போடுவதை நிறுத்திவிட வேண்டும்.

அப்பா அம்மா கிரீன் கார்டில் வந்திருந்தால்

பிள்ளை எத்தனை வருஷம் வரி கட்டியிருந்தாலும் அது பெற்றோர் கணக்கில் சேராது. 65 வயதான கிரீன் கார்டுகாரர் தொடர்ந்து 5 வருஷம் இங்கே வசித்த பிறகு பணம் கட்டி மெடிகேர் வாங்கலாம். வேலை வரலாறே இல்லையென்றால் 2026இல் பார்ட் ஏக்கு மாதம் 565 டாலர். பியையும் சேர்த்தால் ஒருவருக்கே 767.90 டாலர் ஆகிறது. பணம் மிச்சமாகட்டும் என்று பார்ட் பியை மட்டும் வாங்கிக்கொள்கிறவர்களும் உண்டு. அதோடு பார்ட் டி சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் மெடிகேப், அட்வான்டேஜ் இரண்டுக்கும் ஏ, பி இரண்டும் வேண்டும். வருமானம் குறைந்த பெற்றோருக்கு மாநில உதவித் திட்டங்கள் இந்த பிரீமியங்களைக் கட்டிக்கொடுக்கவும் வாய்ப்பிருக்கிறது. புரோக்கரிடம் போகும் முன் அதை விசாரித்துவிடுங்கள், ஏனென்றால் அந்த விண்ணப்பத்தில் புரோக்கருக்கு ஒரு காசு கிடைக்காது. எல்லோரும் நினைவு வைத்துச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

மாத்திரை டப்பாக்களை மேசையில் பரப்புங்கள்

புரோக்கரைப் பார்க்கும் முன் ஒரு சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேசையைக் காலி செய்து, வீட்டில் இருந்த மருந்துகளையெல்லாம் எடுத்து வைத்தோம். மெட்ஃபார்மின், அட்டோர்வாஸ்டாடின், எலிக்விஸ், கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்து. ஒவ்வொன்றுக்கும் பெயர், மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, 30 நாளா 90 நாளா என்று நோட்டில் எழுதினேன். மில்லிகிராமை விட்டுவிட்டால் கணக்கே தப்பும். ஒரே மருந்தின் இரண்டு அளவு ஒரே திட்டத்தில் இரண்டு விலையில் இருக்கலாம். மறுபக்கத்தில் டாக்டர்கள்: குடும்ப டாக்டர், இதய டாக்டர், கண் டாக்டர், ஒவ்வொருவரும் எந்த மருத்துவமனையோடு சேர்ந்தவர் என்பது. கடைசியாக, இரண்டு வருஷத்துக்கு முந்தைய வரித் தாக்கலில் இருந்த வருமானம்.

வருமானம் எதற்கு என்றால், 2024இல் தனி ஆளுக்கு 109,000 டாலருக்கும் தம்பதிக்கு 218,000 டாலருக்கும் மேல் இருந்தால் 2026இல் பி, டி இரண்டுக்கும் கூடுதல் கட்டணம் உண்டு. இடையில் ஓய்வு பெற்று வருமானம் குறைந்துவிட்டதென்றால் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் எஸ்எஸ்ஏ-44 படிவம் போட்டுக் குறைக்கச் சொல்லலாம். பலர் இது தெரியாமலே கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

புரோக்கர் யார், அவருக்கு யார் பணம் தருகிறார்கள்

ஒரே கம்பெனிக்காக வேலை செய்யும் ஏஜென்ட் வேறு, பல கம்பெனிகளின் திட்டங்களை விற்கும் சுயேச்சையான புரோக்கர் வேறு. இருவருக்குமே நீங்கள் ஃபீஸ் கொடுக்க வேண்டியதில்லை. நீங்களே நேரடியாகச் சேர்ந்தாலும் அவர் மூலம் சேர்ந்தாலும் பிரீமியம் ஒன்றுதான். அவர்களுக்குக் கமிஷன் தருவது இன்சூரன்ஸ் கம்பெனி. அட்வான்டேஜ் திட்டத்தில் ஒருவரைப் புதிதாகச் சேர்த்தால் 2026இல் பெரும்பாலான மாநிலங்களில் அதிகபட்சம் 694 டாலர், தொடரும் வருஷங்களில் 347. நியூஜெர்சி, கலிபோர்னியாவில் இதைவிடக் கூடுதல். மெடிகேப்பில் இப்படி மத்திய அரசு வைத்த உச்சவரம்பு இல்லை; பிரீமியத்தில் இத்தனை சதவீதம் என்று கம்பெனி தருவதுதான். தனி பார்ட் டி திட்டத்தில் கிடைப்பது மிகக் குறைவு. சில கம்பெனிகள் சில திட்டங்களுக்குக் கமிஷனையே நிறுத்திவிட்டன.

இதைச் சொல்வது புரோக்கர்களைக் குறை கூற அல்ல. உழைப்புக்குக் கூலி வேண்டும். ஆனால் யார் கூலி தருகிறார்கள் என்று தெரிந்துகொண்டால், எதை அவர் தானாகச் சொல்வார், எதை நாம் கேட்டு வாங்க வேண்டும் என்பது புரிந்துவிடும்.

நாங்கள் முதலில் பார்த்தவரை ஒரு கூட்டத்தில் சந்தித்தோம். காபி, பிஸ்கட், பளபளப்பான பை. பல் வைத்தியம், கண்ணாடி, ஜிம் என்று அரை மணி நேரம் பேசினார். என் கணவர் எழுந்து, "எங்கள் இதய டாக்டர் இதில் இருக்கிறாரா?" என்று கேட்டார். "எல்லா டாக்டரும் இருக்கிறார்கள் சார், கையெழுத்துப் போட்டுவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார் அவர். மறுநாள் டாக்டர் ஆபீசுக்கு போன் போட்டேன். அந்தத் திட்டத்தில் அவர் இல்லை. கேட்டு விசாரித்ததில், அந்த ஏஜென்ட் விற்பது ஒரே கம்பெனியின் திட்டங்களை மட்டும்தான் என்று தெரிந்தது.

ஆகவே முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள். எங்கள் கவுண்டியில் எத்தனை கம்பெனியின் அட்வான்டேஜ் திட்டங்களை உங்களால் தர முடியும்? எத்தனை கம்பெனியின் மெடிகேப்? பார்ட் டி பார்ப்பீர்களா? நீங்கள் விற்காத திட்டம் எங்களுக்குப் பொருத்தமாக இருந்தால் சொல்வீர்களா? சேர்ந்த பிறகு பில் சிக்கல் வந்தால் போனை எடுப்பது நீங்களா, வேறு யாராவதா? அவருடைய லைசென்ஸை மாநில இன்சூரன்ஸ் துறையின் இணையதளத்தில் இரண்டு நிமிடத்தில் சரிபார்க்கலாம். நேர்மையானவர்கள் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார்கள்.

அட்வான்டேஜ், பார்ட் டி பற்றித் தனியாக உட்கார்ந்து பேசும் முன், எதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று ஒரு ஒப்புதல் படிவம் வாங்க வேண்டும் என்பது விதி. அதில் கையெழுத்துப் போடுவதால் நீங்கள் எதிலும் சேர்ந்துவிடுவதில்லை. நீங்கள் கூப்பிடாமல் அவராகவே உங்களுக்கு போன் செய்வதும், வீட்டுக் கதவைத் தட்டுவதும் விதிமீறல். அப்படி வருகிறவரிடம் மெடிகேர் அட்டை எண்ணைச் சொல்லாதீர்கள், எவ்வளவு இனிக்கப் பேசினாலும்.

மெடிகேப்பா, அட்வான்டேஜா

எங்களுக்கு அமைந்த இரண்டாவது புரோக்கர் ஒரு பெண்மணி. நோட்டை வாங்கி மாத்திரைப் பட்டியலை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். பிறகு நிமிர்ந்து, எந்தத் துண்டுச்சீட்டும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்: "வருஷத்தில் எத்தனை மாதம் ஊரில் இருப்பீர்கள்?"

மார்கழிக் கச்சேரிக்குப் போய், பொங்கலைக் கும்பகோணத்தில் மாமியாரோடு கொண்டாடி, மார்ச்சில் திரும்புவது எங்கள் வழக்கம். அதைச் சொன்னோம். அந்தப் பதில்தான் எங்கள் தேர்வையே திருப்பியது.

மெடிகேப் என்பது அசல் மெடிகேரின் மேல் போடும் கூரை. மெடிகேர் ஏற்கும் எந்த டாக்டரிடமும், எந்த மாநிலத்திலும் போகலாம், நெட்வொர்க் (திட்டத்தோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர், மருத்துவமனைகளின் பட்டியல்) இல்லை. எழுத்துகளால் பெயரிட்ட திட்டங்கள், பெரும்பாலான மாநிலங்களில் ஒரே எழுத்துக்கு எந்தக் கம்பெனியிலும் ஒரே பலன்கள். இப்போது புதிதாகச் சேர்கிறவர்கள் அதிகம் பார்ப்பது ஜி (G), என் (N) என்ற இரண்டையும். ஜி எடுத்தால் பார்ட் பியின் அந்த 283 டாலர் கழிவைத் தவிர, மெடிகேர் ஏற்கும் செலவுகளில் உங்கள் பங்கை ஏறக்குறைய முழுவதும் அது பார்த்துக்கொள்ளும். என் (N) எடுத்தால் பிரீமியம் குறைவு, ஆனால் டாக்டரைப் பார்க்க 20 டாலர் வரை, அவசரப் பிரிவுக்கு 50 டாலர் வரை கொடுக்க வேண்டியிருக்கும். பலன் ஒன்றாக இருந்தும் கம்பெனிக்குக் கம்பெனி விலை வேறு. வயது ஏற ஏற விலை ஏறுமா, கடந்த சில வருஷங்களில் எவ்வளவு ஏற்றினார்கள் என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். இங்கேதான் புரோக்கரின் அனுபவம் உண்மையில் உதவும். மருந்துக்குத் தனியாகப் பார்ட் டி எடுக்க வேண்டும். பல், கண்ணாடி இதில் இல்லை.

அட்வான்டேஜ் என்பது ஏ, பி, அநேகமாக டியையும் ஒரே தனியார் திட்டத்துக்குள் கொண்டுவருவது. 0 டாலர் பிரீமியம் என்றாலும் பார்ட் பியின் 202.90ஐத் தொடர்ந்து கட்ட வேண்டும். இதை மறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. பல், கண், காது போன்ற கூடுதல் சலுகைகள் கிடைக்கும். வருஷச் செலவுக்கு உச்சவரம்பும் உண்டு: நெட்வொர்க்குக்குள் 2026இல் அதிகபட்சம் 9,250 டாலர், பல திட்டங்களில் அதைவிடக் குறைவு. பதிலுக்கு நெட்வொர்க்குக்குள் இருக்க வேண்டும், பல சிகிச்சைகளுக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். மாதாமாதம் மெடிகேப் பிரீமியம் கட்ட இயலாதவர்களுக்கும், பக்கத்து மருத்துவமனையே நெட்வொர்க்கில் இருப்பவர்களுக்கும் இது நியாயமான பாதைதான்.

ஊருக்குப் போய்வருகிறவர்களுக்கு என்ன? அசல் மெடிகேர் அமெரிக்காவுக்கு வெளியே, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, ஒன்றும் தராது. மெடிகேப் ஜி, என் இரண்டிலும் வெளிநாட்டு அவசர சிகிச்சைக்கு 250 டாலர் கழிவுக்குப் பின் 80 சதவீதம் உண்டு, ஆயுள் முழுக்க 50,000 டாலர் வரை. ஆனால் பயணத்தின் முதல் 60 நாளுக்குள் நேரும் அவசரத்துக்கு மட்டும். "மார்கழி முதல் தேதி கிளம்பினால் பிப்ரவரி நடுவோடு இது முடிந்துவிடும், மீதி நாளுக்குத் தனிப் பயண இன்சூரன்ஸ் எடுங்கள்" என்று அந்தப் புரோக்கர் அம்மா காலண்டரைத் திருப்பிக் காட்டினார். அதில் அவருக்குக் கமிஷன் ஏதும் இல்லை. சில அட்வான்டேஜ் திட்டங்களிலும் வெளிநாட்டு அவசர உதவி உண்டு. ஆனால் 6 மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் பொதுவாகத் திட்டத்திலிருந்தே நீக்கிவிடுவார்கள்.

இனி, நான் முதலில் சொன்ன அந்த வாசல். 65 வயதாகி பார்ட் பி தொடங்கிய மாதத்திலிருந்து 6 மாதம், எந்த மெடிகேப் கம்பெனியும் உங்கள் சர்க்கரையையோ பைபாசையோ காட்டி மறுக்க முடியாது. விலையையும் கூட்ட முடியாது. அந்த 6 மாதம் கடந்தால் பெரும்பாலான மாநிலங்களில் உடல்நிலையைக் கேட்டுத்தான் கொடுப்பார்கள், மறுக்கவும் செய்வார்கள். நியூயார்க், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்களில் மட்டும் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். முதன்முதலாக 65இல் அட்வான்டேஜில் சேர்ந்தவருக்கு 12 மாதத்துக்குள் மனம் மாறினால் மெடிகேப்புக்கு வர உரிமை உண்டு. அதற்குப் பிறகு, 72 வயதில் பெரிய நோய் வந்து "இப்போது மாறலாமா" என்று கேட்டால் கதவு சாத்தியிருக்கலாம். மெடிகேப்பிலிருந்து அட்வான்டேஜுக்கோ ஒவ்வொரு வருஷமும் போகலாம். இந்த வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்லாத புரோக்கரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கையெழுத்துக்கு முன் நீங்களே சரிபாருங்கள்

டாக்டர் ஆபீசுக்கு போன் செய்து "மெடிகேர் எடுத்துக்கொள்வீர்களா" என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஆமாம் என்பார்கள். அட்வான்டேஜ் என்றால் திட்டத்தின் முழுப் பெயரையும், புரோக்கர் கொடுத்த தாளில் இருக்கும் திட்ட எண்ணையும் படித்துக் காட்டி, "இந்தத் திட்டத்தின் நெட்வொர்க்கில் இந்த டாக்டர் இருக்கிறாரா" என்று பில் பிரிவில் கேளுங்கள். பதில் சொன்னவர் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மருந்துக்கு, மெடிகேரின் சொந்த இணையதளத்தில் திட்டங்களை ஒப்பிடும் பக்கம் உண்டு. நோட்டில் எழுதிய பட்டியலையும் கடையையும் கொடுத்தால் வருஷ மொத்தச் செலவு வாரியாக வரிசைப்படுத்தும். மாத பிரீமியத்தைப் பார்க்காதீர்கள், அந்த மொத்தத்தைப் பாருங்கள். திட்டம் ஏற்கும் மருந்துகளுக்கு 2026இல் நீங்கள் செலவிடுவது 2,100 டாலரைத் தாண்டினால் அந்த வருஷத்துக்கு அதற்குமேல் கட்ட வேண்டியதில்லை. இன்சுலினுக்கு மாதம் 35 டாலருக்கு மேல் போகாது. இப்போது மாத்திரையே சாப்பிடாதவர்களும் குறைந்த விலைப் பார்ட் டி ஒன்றை எடுத்துவிடுங்கள். தக்க மருந்து இன்சூரன்ஸ் வேறு எதுவும் இல்லாமல் தாமதித்தால் மாதக் கணக்கில் அபராதம் சேரும்.

புரோக்கர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டுப் பார்க்க வேண்டுமா? ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்ற இலவச ஆலோசனை சேவை இருக்கிறது. கலிபோர்னியாவில் ஹைகேப், ஃபுளோரிடாவில் ஷைன் என்று பெயர். அவர்கள் எதையும் விற்பதில்லை. மெடிகேரின் 1-800-633-4227 எண்ணில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் இலவசமாகவே ஏற்பாடு செய்வார்கள். ஆங்கிலத்தில் தயங்கும் அம்மாவுக்கு, நீங்கள் ஆபீசில் இருக்கும் நேரத்தில் இது கைகொடுக்கும்.

சேர்ந்த பிறகு

புதிய அட்டை கைக்கு வந்து, தொடங்கும் தேதியைக் கண்ணால் பார்க்கும்வரை பழைய இன்சூரன்சை நிறுத்தாதீர்கள். மெடிகேப் பாலிசியைப் பெற்ற 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்ப வரும்.

ஒவ்வொரு செப்டம்பரிலும் அட்வான்டேஜ், பார்ட் டி கம்பெனிகள் அடுத்த வருஷ மாற்றங்களைச் சொல்லி ஒரு கடிதம் அனுப்பும். விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். எந்த மருந்து பட்டியலிலிருந்து போனது, எது எவ்வளவு ஏறியது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். மாற்றிக்கொள்ளும் காலம் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை. அட்வான்டேஜில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை ஒருமுறை மாற இன்னொரு வாய்ப்பு உண்டு. நாங்கள் டிசம்பரில் ஊருக்குக் கிளம்பிவிடுவோம் என்பதால், அக்டோபர் கடைசி வாரத்துக்குள் மேசையில் மறுபடி டப்பாக்களைப் பரப்பி, நோட்டைத் திருத்தி, அந்தப் புரோக்கர் அம்மாவுக்கு போன் போட்டுவிடுவோம். போன வருஷம் கண் சொட்டு மருந்துக்காக மட்டும் பார்ட் டி திட்டத்தை மாற்றினோம். மெடிகேப்பை அப்படியே விட்டுவிட்டோம்.